செர்ரிக் கட்டைக்கு நிறம் ஏற்றிய எங்கள் அண்ணன்

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். படையலுக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, புறப்படும்போது தாம்பூலப் பையோடு இதையும் வாங்கிக்கொண்டு போவீர்கள். இப்படிப்பட்ட மலர்களை நானும் எத்தனையோ படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இறந்தவர் சிரித்த முகமாக இருப்பார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார். நிறைவாக வாழ்ந்து நிறைவாகப் போயிருப்பார். எங்கள் அண்ணனைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் நல்லவர், உழைப்பாளி, கோபக்காரர். நிறைவாகப் போகவில்லை.

"நல்லதா எழுதுங்க தம்பி" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் பாகற்காய்க் குழம்பு வைத்துவிட்டு அதில் கசப்பு இருக்கக் கூடாது என்றால் முடியுமா? பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அவருக்குப் பின் அக்கா, கடைக்குட்டியாக நான். அப்பா தென்னந்தோப்புக் கூலி. அண்ணன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அப்பா காலமானார். மறுவாரமே அண்ணன் புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு டவுனில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் பாலிஷ் வேலைக்குச் சேர்ந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் தொடங்கி, அரக்கு பாலிஷ், வார்னிஷ், ஸ்ப்ரே என்று எல்லாம் கற்றார். அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் என்னைப் படிக்கவைத்ததும் அவர் கைதான். நான் படித்த படிப்புக்கு துபாயில் டெலிவரி வேன் ஓட்டுகிறேன் என்பது வேறு கதை. அதற்கு அண்ணன் பொறுப்பல்ல.

அவருடைய கோபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது அவரைப் பற்றிய கட்டுரையே ஆகாது. பாலிஷ் காயாத பலகையில் யாராவது விரல் வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிந்தாலும் சோறு இறங்காது. ஒருமுறை எங்கள் தாய்மாமா, "காஞ்சுருச்சா பாப்போம்" என்று ஒரு கதவைத் தொட்டுவிட்டார். மாமா என்றும் பாராமல் அண்ணன் திட்டிய திட்டில், அவர் மூன்று தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதே அண்ணன் வேலை முடிந்ததும், "நல்லா இருக்குண்ணே" என்று யாராவது சொன்னால் காது கேளாதவர் போலப் போய்விடுவார். நல்லா இல்லாமல் ஒரு வேலையை அவரால் கையை விட்டு அனுப்ப முடியாது. இந்த ஒரு குணத்தைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். இந்த ஒரு குணம்தான் அவரைத் தின்றது.

அண்ணியைக் கைப்பிடித்து, மகள் பிறந்த பிறகு அண்ணன் ராஸ் அல் கைமாவுக்குப் போனார். சிமென்ட் ஃபேக்டரிகளுக்குப் பின்பக்கம் ஒரு ஃபர்னிச்சர் ஒர்க்‌ஷாப். முதலாளி ஒரு வயதான அரபி. எல்லோரும் அவரை 'அர்பாப்' என்றே அழைப்பார்கள், முதலாளி என்று அர்த்தம். அவர் கொடுமைக்காரர் இல்லை. பெருநாளுக்கு ஆட்டுக்கறி அனுப்புவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். பாஸ்போர்ட்டுகளை மட்டும் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வார். அப்படி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது என்பார்கள் படித்தவர்கள். சட்டம் ஊருக்கெல்லாம் இருந்தது. பெட்டியின் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

பிறகு நானும் துபாய்க்கு வந்து அல் குசைஸில் ரூம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் வேனை எடுத்துக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போவேன். அவருடைய கேம்ப் ரூமில் கட்டிலுக்கு மேல் கட்டில். மேல்கட்டிலில் செல்வம் என்ற அரியலூர்க்காரர். மாவு அரைக்கிற மில் போல ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார், மனசு மட்டும் தங்கம். அண்ணன் பேசமாட்டார், செல்வம் விடமாட்டார். ரூம் அப்படித்தான் ஓடியது.

அந்தக் காலத்தில்தான் அண்ணிக்குக் கண்ணில் கோளாறு தொடங்கியது. பக்கத்தில் யார் வந்து நின்றாலும் தெரியாது. எதிரே நேராக இருப்பது மட்டும் தெரியும். தஞ்சாவூர் டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது, மருந்து போட்டால் வேகம் குறையும், போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார். செய்தியைக் கேட்ட அன்று அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவளுக்குக் கண்ணு இருக்கையிலேயே நான் போய்ச் சேந்துரணும்டா." ஒரேயடியாக ஊருக்குப் போவதற்கு விசாவை ரத்துசெய்ய வேண்டும். அதை அங்கே கேன்சல் என்பார்கள். அண்ணன் அர்பாபிடம் கேன்சல் கேட்டார்.

கேட்ட நேரம் அப்படி. அதே வாரத்தில்தான் அர்பாபின் பழைய துப்பாக்கி ஒன்றின் கட்டை பிளந்துபோயிருந்தது. தோளில் பொருத்திப் பிடிக்கிற பின்பக்க மரத்தைத்தான் கட்டை என்கிறேன். அவருடைய தகப்பனார் பறவை சுட வைத்திருந்த துப்பாக்கியாம். இரும்புப் பகுதி முறையாக அவர் வீட்டிலேயே பூட்டியிருந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது மரம் மட்டும். முன்பக்கம் இடக்கை பிடிக்கிற சின்னக் கட்டை பிளக்காமல் இருந்தது. அது செர்ரி மரம். எத்தனையோ கால வெயிலும் எண்ணெயும் கைவியர்வையும் ஏறி, நன்றாக வறுத்த காப்பிக்கொட்டையில் கொஞ்சம் சிவப்புக் கலந்தது போன்ற நிறம். புதிதாக அதே செர்ரி மரத்தை வரவழைத்து, ஒர்க்‌ஷாப்பில் இருந்த பெஷாவர் தச்சர் அச்சு அசலாகப் பின்கட்டையைச் செதுக்கியும் கொடுத்துவிட்டார். ஆனால் புதுச் செர்ரி குழந்தையின் உள்ளங்கால் போல வெளுத்த ரோஸ் நிறம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தாத்தாவும் பேரனும் போல இருந்தது.

அர்பாப் அண்ணனைக் கூப்பிட்டு, ஹிந்தியும் அரபியும் கலந்து சொன்னார். இது என் வாப்பாவின் துப்பாக்கி. முன்கட்டையும் பின்கட்டையும் ஒரே நிறமாக வரவேண்டும். யார் பார்த்தாலும் புதுசு எது, பழசு எது என்று தெரியக் கூடாது. இதை முடித்துக்கொடு. கலாஸ், அதோடு முடிந்தது, என் கையாலேயே உன்னை ஊருக்கு அனுப்புகிறேன்.

அண்ணன் ரூமுக்கு வந்து எனக்கு போன் செய்தார். "ஒரு மாச வேலைடா. முடிச்சுட்டா கெளம்பிரலாம். உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டேன்" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

செர்ரி மரம் சொன்ன பேச்சைக் கேட்காது. முதலில் டப்பாவில் வருகிற கம்பெனி ஸ்டெயின் சாயத்தை ஒரு துண்டு மரத்தில் பூசினார். ஒரு இடத்தில் குடித்தது, ஒரு இடத்தில் துப்பியது. மரம் முழுக்கத் தேமல் விழுந்தது போலத் திட்டுத்திட்டாக நின்றது. அடுத்து பால் சேர்க்காத சுலைமானி டீயைக் கெட்டியாகக் காய்ச்சிப் பூசி, அதன்மேல் துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்த தண்ணீரைத் தடவினார். கறுத்தது, ஆனால் அடுப்புச் சாம்பல் கறுப்பு, உயிர் இல்லை. "அண்ணே, டீய வீணாக்காம குடிச்சிருந்தா எனக்காச்சும் தெம்பு வந்துருக்கும்" என்றார் செல்வம். அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பூசினார். கண்ணெதிரே மரம் சிவந்தது. ஆனால் காரத்தைச் சரியாகக் கழுவாததால், மேலே எண்ணெய் போட்டபோது சோப்பு மாதிரி வெள்ளையாக நுரை கட்டிக்கொண்டது. உரித்து, தேய்த்து, அளவைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். கையுறை போட்டால் மரத்தின் ஈரம் விரலுக்குத் தெரியாதாம், கழற்றிவிட்டார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, அந்த மாதம் அவர் போனுக்கே அவருடைய ரேகை பிடிபடவில்லை. நான் சத்தம் போட்டேன். "மரத்துக்குப் பிடிபட்டாப் போதும்" என்றார்.

வழி கிடைத்தது என் வேனில். ஷார்ஜாவில் பாலிஷ் சாமான் விற்கும் கடைகளில் காட்டி விசாரிக்கச் சொல்லி, ஒரு செர்ரித் துண்டை என்னிடம் கொடுத்திருந்தார். நான் அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடியோரம் போட்டுவிட்டு மறந்துபோனேன். அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்தால் துண்டு பழுத்துச் சிவந்திருந்தது. அதன்மேல் ஒரு பார்க்கிங் ரசீது கிடந்த இடம் மட்டும் வெளுத்த கட்டமாக இருந்தது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெயிலுடா! வெயில் போதும்டா இதுக்கு!" என்று சொல்லிச் சிரித்தார். ஊரில் ஒரு தலைமுறை ஆகிற நிறத்தை அந்த நாட்டு வெயில் சில வாரத்தில் கொடுத்துவிடும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எங்களையெல்லாம் வறுத்தெடுத்த வெயில் அன்றைக்கு ஒருவருக்கு உதவியது என்று நானும் சிரித்தேன்.

மெல்லிய காஸ்டிக் கழுவல் ஒருமுறை, வினிகர் போட்டு அதை முறிப்பது, பிறகு கேம்ப் மொட்டைமாடியில் வெயில். எல்லாப் பக்கமும் சமமாகக் காய வேண்டும் என்பதால் டூட்டிக்கு நடுவே ஓடிவந்து கட்டையைத் திருப்பிவைத்துவிட்டு ஓடுவார். கேம்ப் வாட்ச்மேன் ஒருநாள் மாடியில் துப்பாக்கி இருக்கிறது என்று கத்தி ஆளைக் கூட்டிவிட்டார். குழல் எங்கே, விசை எங்கே என்று காட்டி அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நிறம் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்கிற சமயத்தில், செல்வம் கைலியைத் துவைத்துக் கொண்டுபோய், ஏதோ கட்டை கிடக்கிறதே என்று அதன்மேல் காயப்போட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அன்றும் மறுநாளும் ஒர்க்‌ஷாப்பில் அவசர வேலை, அண்ணனால் மாடிக்கு ஓடிவர முடியவில்லை, கைலி அங்கேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் கட்டையின் நடுவே வெளிர்ப் பட்டை.

தாய்மாமாவையே விடாத அண்ணன் செல்வத்தை என்ன செய்யப்போகிறாரோ என்று நான் பயந்தேன். அண்ணன் தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். திட்டக்கூட இல்லை. பிறகு எழுந்து, கறுத்த இடத்தையெல்லாம் பேப்பர் சுற்றி மறைத்து, வெளுத்த பட்டையை மட்டும் வெயிலுக்குக் காட்டி, முதலிலிருந்து தொடங்கினார். ஊருக்குப் போவது அத்தனை நாள் தள்ளிப்போனது. செல்வம் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை, அது ஒரு அதிசயம்.

அந்த வெள்ளிக்கிழமை மாடியில் வைத்துத்தான் நான் கேட்டேன்.

"அண்ணே, இத இவ்வளவு சரியா செஞ்சு குடுத்தீங்கன்னா அந்தாளு உங்கள விடுவாரா? யோசிச்சீங்களா?"

"வார்த்த குடுத்துருக்காருடா."

"வார்த்தயா? நம்மூரு எலெக்‌ஷன் வார்த்த மாதிரிதான். கொஞ்சம் தேமலா விட்டுருங்க. இவன் சரிப்பட மாட்டான்னு அவரே அனுப்பிச்சுருவாரு."

அண்ணன் என்னை முறைத்தார். "வேல தெரியாதவன்னு பேரு வாங்கிட்டு ஊருக்குப் போயி உங்க அண்ணிகிட்ட என்னத்தச் சொல்றது?"

"வந்துட்டேன்னு சொல்லுங்க. அவங்களுக்கு அது போதும்."

அண்ணன் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். துணி கூடாதாம், கைச்சூட்டில்தான் எண்ணெய் உள்ளே இறங்குமாம். பூசுவார், காயவிடுவார், உப்புத்தாளால் தொட்டும் தொடாமலும் தேய்ப்பார், மறுபடி பூசுவார். கடைசியில் நான் இரண்டு கட்டைகளையும் கையில் வாங்கிப் பார்த்தேன். எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, அதைவிட பயமாக இருந்தது.

அதைக் கொடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். அர்பாப் வீட்டு மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், அவருடைய கூட்டாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றோம். அர்பாப் கட்டைகளை வாங்கி உள்ளே போய், இரும்போடு பொருத்தித் துப்பாக்கியாகக் கொண்டுவந்தார். கைக்குக் கை போயிற்று. ஒரு முதியவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப்பார்த்துவிட்டு, உடைந்தது என்றாயே, எங்கே உடைந்தது என்று கேட்டார். அர்பாபுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தகப்பனாரின் பொருள் திரும்ப வந்ததற்கு அழுதார். வாசலில் நிற்கிறவனும் ஒரு தகப்பன், அவனும் ஒரு வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

அண்ணன் மெல்ல, "அர்பாப், கேன்சல்" என்றார்.

அர்பாப் அவர் தோளைத் தட்டினார். "சர்தி கே பாத்" என்றார். குளிர்காலம் முடியட்டும் என்று அர்த்தம். குளிர்காலம் வேட்டைக்காலம். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பழைய துப்பாக்கி இருந்தது.

வேனில் திரும்பும்போது நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். பேசினால் "சொன்னேனே" என்றுதான் வரும். அவரே சொன்னார். "ஒரு சீசன்தானடா."

குளிர்காலம் முடிந்ததும் நோன்பு வந்தது. நோன்பு முடிந்ததும் அர்பாப் மகன் கல்யாணம். பிறகு மறுபடி குளிர்காலம். ஒவ்வொரு முறையும் தோளில் தட்டு, இனிப்பு டப்பா, 'நம்பர் ஒன்' என்ற பட்டம். வேலை தெரியாத எத்தனையோ பேரை அந்த ஒர்க்‌ஷாப் அதற்குள் மூட்டை கட்டி அனுப்பிவிட்டது. அவர்கள் ஏர்போர்ட்டில் அழுதார்கள் என்று செல்வம் சொல்வார். அண்ணன் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். வேலை தெரிந்ததற்காக ஒரு மனிதன் தண்டனை அனுபவித்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

இடையில் ஒருமுறை ஊருக்கு லீவில் வந்தாரே, அப்படியே நின்றுவிட்டிருக்கலாமே என்று உங்களில் சிலர் என்னிடமே கேட்டீர்கள். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் கேட்டீர்கள். அப்போது பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, இப்போது சொல்கிறேன். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் லீவில் போனால், அவர் திரும்பி வரும்வரை இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். போனவர் வராவிட்டால் நின்றவருக்கு லீவும் கிடையாது, கேன்சலும் கிடையாது. அண்ணனுக்கு ஜாமீன் நின்றது செல்வம். கைலி போட்ட கடனைக் கழிக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே நின்றார். அவருக்கு ஊரில் வயதான தாய் இருந்தார்.

அந்த லீவு முடிந்து கிளம்பும்போது அண்ணி அண்ணனைத் தனக்கு நேர் எதிரே உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படி உட்கார்ந்தால்தான் முகம் தெரியும் என்கிற அளவுக்குப் பார்வை சுருங்கிவிட்டது.

"போவாதீங்க" என்றார் அண்ணி.

"செல்வம் அங்க நிக்கிறான்."

"நான் இங்க நிக்கிறேனே."

அண்ணன் எழுந்து பெட்டியைத் தூக்கினார். ஒருவர் வார்த்தையை நம்பி ஏமாந்தவர், தன்னை நம்பியவரை ஏமாற்றமாட்டேன் என்றார். இதை நற்குணம் என்று இந்த மலரில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஆனால் அந்த நற்குணத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

திரும்பிப் போன பிறகு, ஒருநாள் அவரே எனக்கு போன் செய்து, "டேய், நீ சொன்ன மாதிரி ஒண்ணக் கெடுத்துரலாம்னு பாக்குறேன்" என்றார். அண்ணன் வாயில் அந்தச் சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அண்ணி அன்று காலை போனில், மகளின் முகம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அர்பாபின் கூட்டாளி ஒருவருடைய கட்டை, அதுவும் புதுச் செர்ரி. அண்ணனுக்கு எப்படிக் கெடுப்பது என்றே தெரியவில்லை. கெடுத்துப் பழக்கம் இருந்தால்தானே! கடைசியில் செல்வத்தின் கைலி நினைவுக்கு வந்திருக்கிறது. கட்டையைச் சுற்றிக் கயிற்றை இடம்விட்டு இடம்விட்டுக் கட்டி வெயிலில் போட்டுவிட்டார். அவிழ்த்தால் கறுப்பும் வெளுப்புமாக உடம்பெல்லாம் பட்டை. அப்படியே எண்ணெய் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "திட்டுவாங்கடா, இன்னிக்கித் திட்டிருவாங்க" என்று எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். திட்டுக்காக ஒரு மனிதன் அப்படி ஏங்கி நான் கேட்டதில்லை.

திட்டவில்லை. கட்டையைப் பார்த்த கூட்டாளி, "நிம்ர்! நிம்ர்!" என்று கூவினாராம். புலி என்று அர்த்தம். புலித்தோல் போலவே இருக்கிறது, இப்படி ஒரு வேலையை ஐரோப்பாவில்கூடப் பார்த்ததில்லை என்று கட்டிப்பிடித்திருக்கிறார். அந்த வாரமே மூன்று நான்கு பேர் புலிக்கட்டை வேண்டும் என்று வந்து நின்றார்கள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்தது எங்கள் அண்ணன் ஒருவருக்குத்தான்.

அன்று அண்ணன் போனில் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. "எனக்கு அதுகூட வரலடா" என்றார். அதற்குப் பிறகு அவர் கேன்சலைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அர்பாபிடம் மட்டும் ஒவ்வொரு குளிர்காலமும் முடிந்ததும் போய் நிற்பார் என்று செல்வம் சொன்னார்.

போன ஆண்டு கோடையில் ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, ஒர்க்‌ஷாப்பின் மூலையில் அட்டை விரித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுப்பிப் பார்த்தவர் செல்வம். எனக்கு போன் செய்து, "தம்பி, வாங்க" என்றார். அவ்வளவுதான். நாள் முழுக்கப் பேசுகிறவர் இரண்டு சொல் மட்டும் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அல் குசைஸிலிருந்து எப்படி வண்டி ஓட்டினேன் என்று இன்றுவரை நினைவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். காஸ்டிக்கா, வெயிலா, பாலிஷ் புகையா என்று நான் கேட்டேன். அதெல்லாம் சொல்லமுடியாது என்றார். எனக்கும் சொல்லத் தெரியாது.

ஊருக்குக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது அண்ணியைப் பக்கத்தில் கூட்டிவந்தோம். அப்போது அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அவர் என்னைக் கேட்டார்.

"மொகம் எப்புடி இருக்கு தம்பி?"

"நல்லா இருக்கு அண்ணி."

"நெறம்?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "கறுத்துட்டாரு அண்ணி" என்றேன். அண்ணி கையை நீட்டித் தடவி, நெற்றியைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார். அண்ணன் திரும்பி வரும்போது தனக்குக் கண் இருக்க வேண்டும் என்று எத்தனை சொட்டு மருந்து விட்டிருப்பார். அந்த இடத்தில் கூட்டத்தில் இருந்த உங்களுக்கெல்லாம் இது தெரியும், வராதவர்களுக்காக எழுதுகிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும்.

அதிராம்பட்டினத்துப் பாய் ஒருவர் அல் குசைஸில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு உறவில்லை. நான் அவர் கடையில் அரிசி வாங்குகிறவன், அவ்வளவே. செய்தி கேட்டதும் கடையை மகனிடம் விட்டுவிட்டு என்னோடு ராஸ் அல் கைமாவுக்கு வந்தார். போலீஸ், ஆஸ்பத்திரி, தூதரகம் என்று எந்த ஜன்னலில் எந்தப் பேப்பரை நீட்ட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. "அழுவுறத ஊர்ல போயி அழுவலாம் தம்பி, இப்ப நடங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். அவர் இல்லாவிட்டால் அண்ணன் இன்னும் பல நாள் அந்தக் குளிர்ப்பெட்டியில் கிடந்திருப்பார். அவருக்கு எங்கள் குடும்பம் தலைமுறைக்கும் கடன்பட்டிருக்கிறது.

அண்ணனோடு விமானத்தில் வந்து வீடுவரை சேர்த்த செல்வத்துக்கு நன்றி. பெட்டியைத் தூக்கக் கைகொடுத்த பெஷாவர் தச்சருக்கும், கேம்ப் ரூம் தோழர்களுக்கும் நன்றி. திருச்சி ஏர்போர்ட்டில் விடிய விடிய நின்ற மச்சான்மாருக்கும், காரியம் முடியும்வரை வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும், மூன்று தீபாவளி வராவிட்டாலும் இந்தச் சாவுக்கு முதல் ஆளாக வந்து நின்ற தாய்மாமாவுக்கும் நன்றி.

"அந்த மொதலாளிக்கும் ஒரு வார்த்த எழுதிருங்க தம்பி, பாவம், செலவெல்லாம் அவருதான் ஏத்துக்கிட்டாரு" என்று அண்ணி சொன்னார். அண்ணியின் மனசு அப்படி. எனக்கு அப்படி ஒரு மனசு இல்லை. ஆனால் இதை மகள் படித்துக் காட்ட அண்ணி கேட்டுக்கொண்டிருப்பார் என்பதால் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் முதலில் அவருடைய விசாவை ரத்துசெய்ய வேண்டும். இது எனக்கு அதுவரை தெரியாது. பாய்தான் சொன்னார். நானும் பாயும் அர்பாப் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல ஆள், நல்ல ஆள்" என்றார். எழுந்து உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். மேனேஜரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடனே முடிக்கச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். ஆண்டுக்கணக்காக அண்ணன் கேட்டுக்கேட்டு நின்ற கேன்சல், நாங்கள் அவர் வீட்டுக் காவாக் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் கிடைத்துவிட்டது. அதற்காக முதலாளி அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி.